இரண்டு பெயர் கொண்ட உலோகம்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நான் கணக்கெழுதும் பட்டறையில் 'விடியா' என்று ஒரு சொல் உண்டு. லேத்தில் இரும்பைச் சீவும் டூலின் நுனியில் பித்தளை வைத்துப் பற்றவைத்த சாம்பல் நிறத் துண்டு அது. மழுங்கிப்போனால் சாதாரணச் சாணையில் தீட்ட முடியாது. அதற்கென்று பச்சை நிறக் கல் தனியாக இருக்கிறது. தேய்ந்து உடைந்தவற்றை யாரும் குப்பையில் போடுவதில்லை. ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து, வாங்கிப்போக வருபவரிடம் எடைபோட்டுக் கொடுக்கிறோம். லேத்திலிருந்து விழும் இரும்புச் சுருளுக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு விலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தச் சொல்லைத் தமிழ் என்றே நினைத்திருந்தேன். விடியா மூஞ்சி, விடியாத இரவு என்கிற வரிசையில், இரவு ஷிப்டில் யாரோ ஒரு டர்னர் அலுப்பில் வைத்த பெயராக இருக்கும் என்று.

அது ஜெர்மன். 'வைரம் போல' என்று பொருள்படும் இரண்டு ஜெர்மன் சொற்களின் தலையெழுத்துகளை ஒட்டி, க்ருப் கம்பெனி 1926-ல் தன் சரக்குக்குச் சூட்டிய வியாபாரப் பெயர். சரக்கு, டங்ஸ்டன் கார்பைடு. கம்பெனியின் பெயர் உதிர்ந்து, வைரமும் உதிர்ந்து, தமிழ்ப் பெயரெச்சம் போன்ற ஒரு ஓசை மட்டும் எங்கள் பட்டறையில் தங்கிவிட்டது.

இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் வேறு. 2024 நவம்பரில் ஒரு நாள், முப்பது வருஷமாக லேத்தில் நிற்கும் ஒருவர் — மேலூர்ப் பக்கத்துக்காரர் — செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "டங்ஸ்டன்னு போட்டிருக்கான் சார். எங்க ஊர் மலைக்கடியில இருக்காம். அது என்னது?" என்று கேட்டார். அவர் கையிலேயே அது இருந்தது. அப்போதுதான் சாணை பிடித்துவிட்டு வந்திருந்தார். நான் சொன்னதும் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

பெயரிடுதலைப் பற்றி நம் வட்டத்தில் நிறையப் பேசியாயிற்று. சொல்லுக்கும் பொருளுக்குமான இடைவெளி, பெயர் என்பதே ஒரு வன்முறை என்றெல்லாம் எழுதியிருக்கிறோம். ஒரு பொருளை முப்பது வருஷம் கையில் பிடித்திருந்தவருக்கு அதன் பெயர் தெரியாமல் போனதும், பெயர் தெரிந்த அன்றே அது அவருடைய ஊருக்கு வந்து நின்றதும் அந்தப் பேச்சுகளில் அடங்குவதாக எனக்குப் படவில்லை. எனவே, இந்த உலோகத்துக்குப் பெயர் வந்த கதையைத் தெரிந்த மட்டும் தொகுத்துக்கொள்ள முயல்கிறேன்.

*

பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும்: டங்ஸ்டன், 1783, ஸ்பெயின் நாட்டு எலூயர் சகோதரர்கள். ஆனால் இந்த உலோகத்தின் வேதியியல் குறியீடு W. டங்ஸ்டன் என்ற சொல்லில் அந்த எழுத்தே கிடையாது. பள்ளியில் இதை உருப்போட்ட யாரும் ஏன் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை, நானும் கேட்கவில்லை.

W என்பது வோல்ஃப்ராம். ஜெர்மன் மொழியில் 'வோல்ஃப்' ஓநாய். 'ராம்' என்பதற்கு நுரை, ஏடு, கரி என்று பலவிதமாகப் பொருள் சொல்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் சாக்ஸனியின் மலைகளில் வெள்ளீயம் தோண்டிய சுரங்கத் தொழிலாளிகள். ஈயக்கல்லோடு கலந்து ஒரு கருப்புக் கல் வந்துகொண்டிருந்தது. தண்ணீரில் அலசினால் லேசான மண் ஓடிவிடும், கனமான தாது அடியில் தங்கும் — தாது பிரிக்கும் பழைய வழி இதுதான். ஆனால் இந்தக் கருப்புக் கல் ஈயக்கல்லுக்குச் சமமான கனம். அலசலில் பிரியாது. இரண்டும் சேர்ந்து உலைக்குள் போனால் வெள்ளீயத்தின் ஒரு பகுதி கசடோடு போய்விடும். கிடைக்க வேண்டிய அளவு கிடைக்காது. ஓநாய் ஆட்டைத் தின்பது போல இது ஈயத்தைத் தின்கிறது என்றார்கள். 1546-ல் அக்ரிகோலா லத்தீனில் 'ஓநாயின் நுரை' என்று குறித்தது இதையே என்று கொள்கிறார்கள்.

ஆக, எலூயர் சகோதரர்களுக்கு இருநூறு வருஷங்களுக்கு முன்பே இந்த உலோகத்தை அறிந்தவர்கள் இருந்தார்கள். அதைப் பிரித்தெடுக்க அவர்களுக்குத் தெரியாது. அது உலோகம் என்றும் தெரியாது. நஷ்டத்தின் மூலமாக மட்டுமே அதை அறிந்திருந்தார்கள். அந்த அறிவுக்கு அவர்கள் வைத்த பெயர் ஒரு வசைச்சொல். கண்டுபிடிப்பின் சரித்திரத்தில் இவர்கள் எவருடைய பெயரும் இல்லை. ஆனால் அவர்களுடைய வசைச்சொல்லின் முதலெழுத்து, உலகத்தின் எல்லாப் பள்ளிக்கூடச் சுவர்களிலும் தொங்கும் அட்டவணையில் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பெயர் ஸ்வீடனிலிருந்து வந்தது. நிக்கலைக் கண்டறிந்த க்ரோன்ஸ்டெட், 1750-களில், அளவுக்கு மீறிக் கனத்த ஒரு வெளிறிய கல்லை விவரிக்கிறார். ஸ்வீடிஷ் மொழியில் 'துங்' என்றால் கனத்த. 'ஸ்தேன்' என்றால் கல். இதில் வசையும் இல்லை, கதையும் இல்லை. கையில் எடுத்துப் பார்த்த ஒருவருடைய குறிப்பு, அவ்வளவுதான். 1781-ல் க்யோப்பிங் என்ற சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருந்த ஷீலே இந்தக் கல்லிலிருந்து இதுவரை அறியாத ஒரு அமிலத்தைப் பிரித்தார். அதிலிருந்து ஒரு புதிய உலோகம் வரக்கூடும் என்று அவருடைய நண்பர் பெரிமான் கருதினார். ஷீலே உலோகத்தைப் பார்க்கவில்லை. 1786-ல், நாற்பத்து மூன்று வயதில், இறந்துபோனார். பின்னாளில் அந்தக் கல்லுக்கு ஷீலைட் என்று பெயர் வைத்தார்கள். கல்லிலிருந்து பழைய பெயர் கழன்று உலோகத்துக்குப் போய்விட்டது. காலியான இடத்தில் ஷீலே உட்கார்ந்தார்.

மூத்தவர் ஹுவான் ஹோஸே எலூயரை ஸ்பெயின் அரசு ஐரோப்பாவுக்கு அனுப்பியது வேதியியலுக்காக அல்ல. பிற நாடுகள் பீரங்கி வார்க்கும் முறையை உளவறிந்து வருவதற்காக. அவர் சாக்ஸனியின் ஃப்ரைபெர்க் சுரங்கப் பள்ளியில் படித்தார். ஸ்வீடனுக்குப் போய் பெரிமானிடம் பாடம் கேட்டார். பீரங்கி ரகசியம் எவ்வளவு கிடைத்ததோ, ஓநாய்க் கல்லையும் கனத்த கல்லையும் பற்றிய இரண்டு தனித்தனிச் செய்திகள் அவர் ஒருவரிடம் வந்து சேர்ந்தன. பாஸ்க் நாட்டில் பெர்காரா என்ற ஊரின் பள்ளியில், தம்பி ஃபாஸ்தோவுடன் சேர்ந்து, சாக்ஸனி எல்லையிலிருந்து வந்த கருப்புக் கல்லைச் சோதித்தார். ஸ்வீடனின் வெளிறிய கல்லிலிருந்து ஷீலே எடுத்த அதே மஞ்சள் பொடி இந்தக் கருப்புக் கல்லிலிருந்தும் வந்தது. அதைக் கரியோடு சேர்த்து மூடிய மூசையில் வைத்துக் கடுமையாகச் சூடேற்றினார்கள். கிடைத்தது விரல்களுக்கிடையில் நொறுங்கும் ஒரு பழுப்புக் கட்டி. உள்ளே உலோகத் துளிகள். 1783-ல் இதை அறிவித்தபோது, தாங்கள் எந்தக் கல்லிலிருந்து எடுத்தார்களோ அந்தக் கல்லின் பெயரையே உலோகத்துக்கும் வைத்தார்கள்: வோல்ஃப்ராம்.

அதற்குப் பிறகு இருவரும் ஸ்பெயினின் காலனிகளுக்குச் சுரங்க அதிகாரிகளாகப் போனார்கள். தம்பி மெக்ஸிகோவில் சுரங்கக் கல்லூரி கண்டு புகழோடு வாழ்ந்தார். அண்ணன் இன்றைய கொலம்பியாவில், வெள்ளிச் சுரங்கங்களோடு போராடி, 1796-ல் இறந்தார். பல புத்தகங்களில் தம்பியின் பெயர் மட்டும் இருக்கிறது.

*

பெயர்ச் சண்டை அதோடு தீரவில்லை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 'டங்ஸ்டன்' என்ற ஸ்வீடிஷ் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மானியர் வோல்ஃப்ராம் என்றார்கள். வேடிக்கை, ஸ்வீடன்காரர்களும் இன்றுவரை வோல்ஃப்ராம் என்றே சொல்கிறார்கள். தாங்கள் கொடுத்த சொல்லைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை. 1949-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச வேதியியலாளர் ஒன்றியம் வோல்ஃப்ராம் என்பதே இனி அறிவியல் பெயர் என்று முடிவெடுத்தது. ஆங்கிலம் பேசும் நாடுகள் ஏற்கவில்லை. ஒன்றியம் விட்டுக்கொடுத்தது. 2005-ல் வெளியிட்ட விதிநூலில் வோல்ஃப்ராம் என்பதை மாற்றுப்பெயராகக்கூட வைக்காமல் நீக்கிவிட்டார்கள். கண்டறிந்தவர்கள் வைத்த பெயருக்கு மதிப்பில்லையா என்று ஸ்பானிய வேதியியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பெயர் போனது, W மட்டும் நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்டறிந்தவருக்கே பெயரிடும் உரிமை என்பது அறிவியலில் எழுதப்படாத மரபு. நடைமுறையில் அந்த உரிமை அதிகம் வாங்குகிறவர்கள், அதிகம் விற்கிறவர்கள், அதிகம் அச்சடிக்கிறவர்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இலக்கியத்தில் இது நமக்குப் புதிதல்ல.

தமிழில் நாம் இந்தச் சண்டையில் ஒரு கட்சியாகக்கூட இல்லை. நமக்கு ஆங்கிலத்தின் வழியாக வந்ததால் டங்ஸ்டன். எழுத்தைத் தமிழ்ப்படுத்தித் தங்குதன் என்று எழுதுவோர் உண்டு. பொருளைத் தமிழ்ப்படுத்தினால் 'கனங்கல்' என்று வரும். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லைச் செய்து வைத்துவிட்டால் அந்தப் பொருளோடு உறவு உண்டாகிவிடும் என்ற நம்பிக்கை எனக்கு வரவர இல்லாமல் போகிறது. பட்டறையில் 'விடியா' என்று சொல்கிறவருக்கு அந்தப் பொருளோடு இருக்கிற உறவு, எந்த அகராதிக்காரரின் உறவையும்விட நெருக்கமானது. அது எவ்வளவு சூட்டைத் தாங்கும், எந்தக் கோணத்தில் வைத்தால் நுனி தெறிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாதது, அது எந்த ஊர் மலை என்பது.

*

நொறுங்கிய பழுப்புக் கட்டிக்கு நூறு வருஷத்துக்கு மேல் பெரிய உபயோகம் இல்லை. 3,422 டிகிரி சென்டிகிரேடில்தான் உருகும். உலோகங்களில் இதுவே உச்சம். தங்கத்துக்குச் சமமான அடர்த்தி. உருக்கி வார்க்கவும் முடியாது, அடித்து நீட்டவும் முடியாது. எஃகோடு கலந்தபோது அதன் குணம் வெளிப்பட்டது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில், டங்ஸ்டன் கலந்த எஃகு உளி, நுனி சிவக்கக் காய்ந்த நிலையிலும் இரும்பைச் சீவிக்கொண்டிருந்ததைப் பொறியாளர்கள் கண்டார்கள். எங்கள் பட்டறையில் 'ஹெச்.எஸ்.எஸ்.' என்று சொல்வது அந்த வம்சம்தான். பிறகு, சுமார் 1910-ல், அமெரிக்காவில் கூலிட்ஜ் இதை மெல்லிய கம்பியாக இழுக்க வழி கண்டார். குண்டு பல்பின் இழை அது. கம்பி இழுக்க வைரத்தில் துளையிட்ட அச்சு தேவைப்பட்டது. வைரம் விலை அதிகம். அதற்கு மாற்றுத் தேடி 1920-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், ஓஸ்ரம் விளக்குக் கம்பெனியில், ஷ்ரோட்டர் என்பவர் டங்ஸ்டனையும் கரியையும் சேர்த்து, கோபால்ட்டால் பிணைத்து ஒரு பொருளைச் செய்தார். 'வைரம் போல' என்ற பெயர் அப்படி வந்தது. அது வெறும் விளம்பரமல்ல; வைரத்தின் வேலையைத்தான் செய்தது.

பீரங்கியைத் தேடிப் போனவர் கண்ட உலோகம், பீரங்கியிடமே திரும்பியது. முதல் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டன் ஒரு உண்மையை உணர்ந்தது: தன் சாம்ராஜ்யத்தில் தோண்டிய வோல்ஃப்ராம் தாது அதுவரை ஜெர்மனிக்குப் போய்த்தான் உலோகமாகிக்கொண்டிருந்தது. அந்தத் தாதுவில் பெரும்பங்கு, அன்று இந்தியாவின் ஒரு மாகாணமாயிருந்த பர்மாவில், தவாய் பகுதியிலிருந்து வந்தது. குண்டுகளைக் கடைந்து செய்ய வேகமான லேத் வேண்டும். லேத்துக்கு டங்ஸ்டன் எஃகு வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதிகாரிகளைத் தவாய்க்கு அனுப்பினார்கள். சில வருஷங்களுக்குள் அது உலகின் முன்னணி உற்பத்தியிடங்களில் ஒன்றாயிற்று. போர் முடிந்ததும் விலை விழுந்தது, சுரங்கங்கள் பல மூடின. ராஜஸ்தானின் தெகானாவிலும் அப்படியே. போர்க்காலத்தில் தோண்டுவார்கள், அமைதியில் மறப்பார்கள். இன்று உலகத்தின் டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிலிருந்து வருகிறது.

எங்கள் பட்டறையிலிருந்து சில கிலோமீட்டரில் ஆவடி. 1961-ல் நிறுவிய கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா தொடங்கி அர்ஜுன் வரை டாங்கிகள் வெளிவந்திருக்கின்றன. எதிரி டாங்கியின் கவசத்தைத் துளைக்கும் குண்டில் வெடிமருந்து கிடையாது. மெலிந்த நீண்ட டங்ஸ்டன் கலவைத் தண்டு. கனமும் வேகமும் ஒரு சிறு புள்ளியில் இறங்குவதால் துளைக்கிறது. திருச்சியில் அதற்கென்றே தொழிற்சாலை இருக்கிறது. அம்பத்தூரில் இரும்பைச் சீவுவதும் அங்கே கவசத்தைத் துளைப்பதும் க்ரோன்ஸ்டெட் கையில் எடுத்துப் பார்த்த அதே கனம்தான். இதை எழுதும்போது எனக்கு எந்த உயர்வும் தோன்றவில்லை. இந்த வட்டாரத்தின் சோற்றில் இதற்குப் பங்கு உண்டு. என் சம்பளத்திலும் உண்டு.

*

2023-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, 24 முக்கியக் கனிமங்களை ஒரு தனிப் பட்டியலில் சேர்த்தார்கள். அவற்றை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே என்றானது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2024 நவம்பர் 7-ம் தேதி, மதுரை மாவட்டத்தில் 2,015.51 ஹெக்டேர் — சுமார் ஐயாயிரம் ஏக்கர் — டங்ஸ்டன் ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஸிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. அறிவிப்பில் அந்த நிலத்தின் பெயர் 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்'.

பிளாக் என்பது ஊர் அல்ல. நாயக்கர்பட்டி என்ற ஒரு பெயருக்குள் அரிட்டாபட்டியும் வேறு பல ஊர்களும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அரிட்டாபட்டியின் ஒரு பகுதியை, பக்கத்து மீனாட்சிபுரத்தோடு சேர்த்து, 2022 நவம்பரில்தான் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்திருந்தது. ஏழு குன்றுகள், சுனைகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், சமணப் படுக்கைகள். மக்கள் போராட்டத்துக்குக் கிளம்பியபோது அரசாங்கம் கொடுத்த பெயரை எடுத்துக்கொள்ளவில்லை, அரிட்டாபட்டி என்றார்கள். தமிழ்நாடு முழுக்க அந்தப் பெயரே நிலைத்தது. ஒரே நிலத்துக்கு இரண்டு பெயர். வாங்குகிறவரின் பட்டியலில் ஒன்று, இருக்கிறவரின் வாயில் ஒன்று.

டிசம்பர் 9-ம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். ஜனவரி 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இந்த முறை, இருக்கிறவர்கள் வைத்த பெயர் வென்றது.

அரிட்டாபட்டிக் குன்றில், மழைநீர் உள்ளே வராதபடி காடி வெட்டிய ஒரு குகைத்தளத்தின் மேலே, தமிழ்பிராமியில் ஒரு வரி இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. நெல்வேலியைச் சேர்ந்த வெளியன் என்பவர் இந்தக் குகையைச் செய்வித்தார் என்று அறிஞர்கள் படிக்கிறார்கள். முதலில் ஊர், பிறகு ஆள், பிறகு செயல். பாறைக்குள் என்ன இருக்கிறது என்று அதை வெட்டியவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மேற்பரப்பில் ஒரு விரல் ஆழத்துக்கு வெட்டினார். தங்குவதற்கு இடம் செய்து, தந்தவர் பெயரை எழுதி, நிறுத்திக்கொண்டார். கல்லுக்குப் பெயர் வைக்கவில்லை.

மேலூர்க்காரர் ஜனவரியில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபிறகு, டீ நேரத்தில், நான் சாக்ஸனிக் கதையைச் சொன்னேன். ஓநாய், ஈயம், வசைச்சொல் எல்லாம். கவனமாகக் கேட்டார். "அவுகளும் திட்டித்தானே பேர் வச்சிருக்காக" என்றார். பிறகு, "ஆனா சார், இது இல்லாம நமக்கு வேலை ஓடாதே. நம்ம மலை தப்பிச்சுருச்சு. இது எந்த ஊர் மலையோ" என்று சொல்லி டப்பாவைக் காட்டினார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உலோகத்தை வேண்டாமென்று சொல்லும் யோக்கியதை, அதை வைத்துப் பிழைக்கும் இந்தத் தொழிற்பேட்டைக்கு இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் ஒரு தனிமத்தின் சரித்திரத்தை எழுதும்போது, அதைக் கண்டவர், பிரித்தவர், பெயரிட்டவர் என்ற மூன்று பத்திகளோடு, அது கிடந்த மலையில் இருந்தவர் என்று நான்காவது பத்தி ஒன்றும் வேண்டும் என்று மட்டும் சொல்வேன். சாக்ஸனியில் அந்தப் பத்தியில் நிரப்ப ஒரு எழுத்துதான் மிஞ்சியது. அரிட்டாபட்டியில் பெயர்களே இருக்கின்றன, கல்லிலும் ஆட்களிலும்.

அன்று மாலை ஸ்டாக் புத்தகத்தில் வழக்கம்போல 'விடியா டிப்' என்று எழுதினேன். எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுத அந்தப் புத்தகத்தில் பத்தி கிடையாது.